கூட இருப்பவர்

பிப்ரவரி 3, திங்கள்

வசுமதியைச் சேர்த்தாயிற்று. இருபத்தொரு நாள். மருத்துவமனையின் பின்கட்டில், சலவைக்கூடத்தை ஒட்டி இருக்கிறது போதை மீட்பு வார்டு. கம்பிக்கதவுக்குள் கால் வைத்ததுமே வாடை. பினாயில், வேர்வை, வேகவைத்த முட்டைக்கோஸ், எல்லாவற்றுக்கும் அடியில் புளித்துப்போன ஏதோ ஒன்று. பதினான்கு ஆண்கள், ஒரே ஒரு பெண். அந்த ஒரு பெண் என் மனைவி.

பெண் என்பதால் வராந்தாக் கோடியில் தனி அறை கொடுத்தார்கள். பத்தடிக்கு ஒன்பதடி. இருபத்தாறு வருஷம் சர்வேயராக இருப்பவனுக்கு இதற்கெல்லாம் டேப் வேண்டாம்.

பதிவு மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்து, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டாள். நோயாளி நான் இல்லை, இவர்கள் என்றேன். வசுமதி தலையைக் குனிந்துகொண்டாள். குனியவேண்டியதுதான். பி.டி. டீச்சர், ஒரு காலத்தில் மாவட்டத்துக்கு கோ-கோ ஆடியவள், குடியரசு தினத்தன்று கொடிக்கம்பத்துக்கு முன்னால் வாந்தி எடுத்து அதன்மேலேயே விழுந்தாள். முந்நூறு பிள்ளைகள் பார்த்தார்கள். இப்போது சஸ்பென்ஷன். இந்த இடத்தைத் தேடிப்பிடித்தது கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் மகள் மதிவதனி. நானாக இருந்தால் வீட்டிலேயே வைத்துச் சரிசெய்திருப்பேன்.

குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கவேண்டுமாம். மதிக்குப் பதினைந்தாம் தேதி வரை பரீட்சை. ஆகவே நான். என் பையையும் கொட்டிச் சோதித்தார்கள். ஷேவிங் லோஷனையும் இருமல் மருந்தையும் அமலோற்பவம் என்ற சிஸ்டர் எடுத்துவைத்துக்கொண்டார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், சிரிக்காத முகம். நோயாளியின் சாப்பாடு, தூக்கம், குணம் எல்லாம் எழுதச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தார். அட்டையில் ‘கூட இருப்பவர்’ என்று அச்சிட்டிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியதைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன். நோட்டு எனக்கு.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையிலிருந்து நான்கு முறை வாந்தி. மஞ்சள் தண்ணீர். பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வாயிலிருந்து நூல் மாதிரி ஒழுகி என் மணிக்கட்டில் விழுந்தது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் போகவில்லை. மதியம் படுக்கையை நனைத்துவிட்டாள். சிஸ்டரிடம் கையுறை கேட்டேன். எதுக்கு என்றார். இருபத்தொரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவளைத் தொட எனக்குக் கையுறை வேண்டியிருந்தது என்பதை அவரிடம் சொல்ல முடியவில்லை. கொடுத்தார்.

ஆறு மணிக்குக் காற்றாட வெளியே போய்விட்டு எட்டுக்குத் திரும்பினேன். டீ குடித்ததும் தலைவலி விட்டது.

பிப்ரவரி 5, புதன்

போர்வையில் எறும்பு ஊர்கிறது என்கிறாள். ஒரு எறும்பும் இல்லை. உதறிக் காட்டினேன். உங்க சட்டையிலயும் இருக்கு என்று என் மார்பைத் தட்டிவிட்டாள். விரல்கள் விசிறி மாதிரி ஆடின. டாக்டர் இந்திராணி வந்து ஊசி போட்டார். மூன்றாம் நாள் இப்படித்தான், பயப்படாதீங்க என்றார். எனக்குப் பயம் இல்லை. அருவருப்பு.

வராந்தாவில் ஆண்கள் லுங்கியைத் தூக்கிச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாஷ்பேசினில் துப்பிவிட்டு அப்படியே போகிறார்கள். ஒருவன் என்னிடம், அண்ணே நீங்க எத்தனாவது நாள் என்று கேட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் போன் சார்ஜர் வாங்கப் போனேன்.

பிப்ரவரி 6, வியாழன்

சார்ஜர் கிடைக்கவில்லை. மறுபடி போனேன்.

பிப்ரவரி 8, சனி

இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறாள். காலையில் மூன்று இட்லி. முகம் கழுவி, தானே தலை பின்னிக்கொண்டாள்.

இரவு ஏழரை மணி வாக்கில், இந்நேரம் வீட்ல இருந்தா என்ன பண்ணிக்கிட்டு இருப்போம் என்று கேட்டாள். செய்தி பார்த்துக்கொண்டிருப்போம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

இதை எழுதிவைக்கவேண்டும், ஏனென்றால் நாளைக்கு இவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். என்னுடையதில் அரை கிளாஸ் கொடுத்தேன், மருந்து மாதிரி. வாடை பிடிக்கவில்லை என்றாள். எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை போட்டு, மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். பிரியமாகத்தான் கொடுத்தேன். அப்புறம் அது ஒரு வழக்கமாயிற்று. பேச்சுத்துணை. தனியாக உட்கார்ந்து குடிக்கிறவன்தான் குடிகாரன், நாங்கள் பேசிக்கொண்டிருப்போம்.

அளவு தெரியாமல் போனது அவளுக்கு. எனக்கு அளவு உண்டு.

பிப்ரவரி 10, திங்கள்

காலை ஆறரைக்கு வாசலில் விசில் சத்தம். எட்டிப் பார்த்தால் என் மனைவி. இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுகிறாள். எதிரே மூன்று வரிசையில் அந்தப் பதினான்கு பேர். கையைத் தூக்கு, இறக்கு, இடுப்பை வளை. தொப்பையும் வீங்கிய காலுமாக ஆளுக்கொரு திசையில் ஆடுகிறார்கள். ஒருவனுக்கு லுங்கி அவிழ்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.

டாக்டரே கேட்டுக்கொண்டாராம். குடிகாரக் கூட்டத்துக்கு முன்னால் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு நிற்பதற்கு இவளுக்குக் கூச்சம் இல்லை. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

குடும்பக் கூட்டம் என்று ஒன்று. வட்டமாக நாற்காலி போட்டு, நோயாளிகளும் கூட இருப்பவர்களும் உட்காரவேண்டும். டாக்டர் இந்திராணி ஒவ்வொருவராகக் கேட்டார். என் முறை வந்தது. வீட்டில் வேறு யாருக்காவது பழக்கம் உண்டா என்றார். விசேஷங்களில் எப்போதாவது நான் தொடுவதுண்டு, வாரத்துக்கு ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது என்றேன். குறித்துக்கொண்டார். அப்புறம் வசுமதி பக்கம் திரும்பினார்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

“ஏழரைக்கு ரெண்டு கிளாஸ் எடுத்து வைப்பாரு, டாக்டர். ஒருநாள் நான் வேண்டாம்னா, ஏன் உடம்பு சரியில்லையான்னு கேப்பாரு. அவருக்குத் தனியா உக்கார முடியாது. அவரு பாவமா இருப்பாரேன்னு நானும் போய் உக்காந்துருவேன்.”

எதிரே இருந்த, நேற்று லுங்கி அவிழ்ந்தவன் என்னைப் பார்த்து, தெரிந்தவனைப் பார்ப்பதுபோலத் தலையாட்டினான். அவன் மூஞ்சியில் அறைந்திருப்பேன்.

பதினான்கு குடிகாரர்கள் முன்னால் கட்டிய புருஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். சாயங்காலம் வெளியே போனேன். எத்தனை மணிக்குத் திரும்பினேன் என்று பார்க்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

ஆபீசிலிருந்து செயின்மேன் முத்துக்கருப்பன் போன் செய்தார். நான் அளக்கப் போகுமிடமெல்லாம் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவர். உட்பிரிவு பட்டாக் கோப்புகள் தேங்கிக் கிடக்கின்றனவாம். மேடத்துக்கு மஞ்சள் காமாலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆபீசில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இறங்கிவருகிறது என்றேன். அந்த மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதனாலேயே அவரிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் இளக்காரம்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் அமலோற்பவம் சிஸ்டர் மருந்து அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

“சார், நீங்க தினம் குடிச்சிட்டு வர்றீங்க. முதல் நாள்லேருந்தே எனக்குத் தெரியும். அவங்களுக்காகத்தான் பொறுத்துக்கிட்டேன். இன்னொரு தடவை இந்த வாடையோட வந்தா உள்ள விட மாட்டேன். கூட ஆள் இல்லேன்னா அவங்களையும் இங்க வச்சிருக்க முடியாது. புரிஞ்சுதா?”

பல்வலி, கிராம்புத் தைலம் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்று வெளியே போகவில்லை.

பிற்பகல் நாலு. மின்விசிறி சரியாகச் சுற்றுவதில்லை. பனியன் இரண்டு முறை மாற்றியும் நனைந்துவிட்டது. எழுத்து கோணலாக வருகிறது, பேனா சரியில்லை.

ஆறு மணி. சாம்பாரில் இருந்த முட்டைக்கோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பேசினில் எடுத்துவிட்டேன். வசுமதி எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள். கையை எடு என்றேன். கடைசியா எத்தனை மணிக்குக் குடிச்சீங்க என்று கேட்டாள். நர்ஸ் மாதிரி பேசாதே என்றேன். அவளே பேசினைக் கொண்டுபோய்க் கழுவிக்கொண்டு வந்தாள். கையுறை போட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஒரு மனு எழுதினேன். கழிப்பறை சுத்தமாக இல்லை, உணவு தரமில்லை, பெண் நோயாளியை ஆண்களோடு பழக விடுகிறார்கள், ஆகவே என் மனைவியை என் சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். கீழே அவள் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டு அவளிடம் கொடுத்தேன்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சைத்தாள் திருத்துகிறமாதிரி நிதானமாகப் படித்தாள். மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தாள்.

“நான் வரல.”

வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது என்றேன். மதியின் கல்யாணம் என்றேன். ஊர் என்ன பேசும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“இங்க பதினோரு நாளா எனக்குப் பசிக்குதுங்க. காலையில எந்திரிச்சா பசிக்குது. அதை விட்டுட்டு நான் வரல.”

பசிக்கிறதாம்.

பிப்ரவரி 15, சனி

காலையில் கொஞ்ச நேரம் வெளியே போய் வந்தேன். வரும்போது, சிஸ்டர் கண்ணில் படாமல், அவளுக்குப் பிளாஸ்க்கில் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதற்கு இவ்வளவு ரகளை. மூடியைத் திறந்தாள், உடனே மூடினாள். தலைமாட்டில் இருந்த மணியை அழுத்தினாள். சிஸ்டர் வந்தார். வசுமதி பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்து, தன்னிடமிருந்து தள்ளி நீட்டினாள்.

“இதைக் கொண்டுபோயிருங்க சிஸ்டர். சீக்கிரம் கொண்டுபோங்க. இவரையும் வெளிய அனுப்பிருங்க.”

அனுப்பிவிட்டார்கள். நோட்டும் பையும் என்னிடம் இருக்கின்றன. மதி பரீட்சை முடித்துவிட்டு நேரே வார்டுக்குப் போகிறாளாம். இப்போது வீட்டில் இருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜூஸில் என்ன இருந்தது என்று எழுதவேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

கொஞ்சம்தான் கலந்தேன். அம்மா சிரிப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை என்று மதி போனில் சொன்னாள். இருபது வயசுப் பெண் அப்பனிடம் பேசுகிற பேச்சா இது.

பிப்ரவரி 17, திங்கள்

ஏழரை. தனியாக.

பிப்ரவரி 19, புதன்

ஆபீசுக்குப் போகவில்லை. பிரிட்ஜைத் திறந்தால் போன மாதத்துச் சாம்பார் மேல் பச்சையும் கறுப்புமாக ரோமம் முளைத்திருக்கிறது. கொட்டலாம் என்று எடுத்தவன் வாடை தாங்காமல் மறுபடி உள்ளேயே வைத்துச் சாத்திவிட்டேன். தொட்டியில் பாத்திரங்கள். படுக்கை விரிப்பில் தலை படும் இடம் எண்ணெயில் கறுத்து வழவழப்பாக இருக்கிறது. இப்படியா இருந்தது இந்த வீடு? அவள் குடித்துவிட்டு விழுந்துகிடந்த நாட்களில்கூட விரிப்பை மாற்றியிருக்கிறாள்.

பிப்ரவரி 20, வியாழன்

அம்மாவுக்குத் துணி எடுக்க மதி வந்தாள். பதினொரு மணி. நான் கூடத்தில் படுத்திருந்தேன். கட்டிலில் அல்ல. கதவு சாத்தியிருக்கவில்லை.

ஜன்னல்களைத் திறந்தாள். உள்ளே போய்ப் பீரோவிலிருந்து எடுத்துவைத்தாள். திங்கட்கிழமை டிஸ்சார்ஜ், அம்மா இங்கே வரப்போவதில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பேசியிருக்கிறது என்றாள். யாரைக் கேட்டுப் பேசினீர்கள் என்றேன். நாக்கு குழறியது, இரண்டாவது தடவை சொன்னபோதுதான் புரிந்துகொண்டாள்.

போகிறபோது நிலைப்படியருகே நின்றாள். அங்கே நான் எடுத்த வாந்தி காய்ந்து கிடந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, கிழிந்த துண்டு ஒன்றை நனைத்துக்கொண்டு வந்து, குந்தி உட்கார்ந்து துடைத்தாள். முகத்தைத் தோள்பக்கம் திருப்பி, உதட்டை இறுக்கிக்கொண்டு, கைவிரல் நுனியால் துடைத்தாள்.

அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. வார்டில் இருந்த பன்னிரண்டு நாளும் நான் வைத்திருந்த முகம் அதுதான். அதைத்தான் வசுமதி படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை ஐந்துக்கே விழிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் போனேன். வண்டியை நேராகப் பிடிக்க முடியாது என்று தெரியும்.

சலவைக்கூடத்துச் சந்திலிருந்து பார்த்தால் கம்பிக்கதவு வழியாக வாசல் தெரிகிறது. விசில் கேட்டது. வரிசை இப்போது நேராக இருந்தது. கை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. வசுமதி ஒருவனிடம் போய் அவன் முழங்கையை நிமிர்த்திவிட்டாள். அவனிடம் நாற்றம் அடித்திருக்கும். அவள் மூக்கைச் சுளிக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ, வாட்ச்மேன் வந்து யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார்.

“யாரையும் பாக்க வரல. நான் சேரணும்.”

அதைச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் உள்ளே போய் அமலோற்பவம் சிஸ்டரைக் கூட்டிவந்தார். ஞாயிற்றுக்கிழமை சேர்க்க மாட்டார்கள், நாளைக் காலை எட்டு மணிக்கு வாருங்கள் என்றார் சிஸ்டர். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரும் என்றார். கூட இருக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்றார். இத்தனையும் சொல்லும்போது அவர் முகத்தில் அருவருப்பே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். கழுத்தில் துண்டோடு வசுமதி வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கூட இருக்க ஆள் கேட்கிறார்கள் என்றேன். கம்பியைப் பிடித்திருந்த என் விரல்கள் ஆடுவதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நான் வர மாட்டேங்க. உங்க பக்கத்துல உக்காந்தா நான் மறுபடி குடிச்சிருவேன். என்னால முடியாது.”

சரி என்றேன்.

“ஆனா நீங்க வாங்க.”

உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து முத்துக்கருப்பனுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை அடித்து நானே துண்டித்தேன். மூன்றாவது முறை எடுத்துவிட்டார். மேடத்துக்கு மஞ்சள் காமாலை இல்லை என்றேன். அவளுக்கு என்ன என்று சொன்னேன். எனக்கும் அதுதான் என்றேன். நாளைக்கு ஆள் வேண்டும், இருபத்தொரு நாள் ஆகும், நாற்றம் பிடித்த இடம், நான் வாந்தி எடுப்பேன், படுக்கையைக்கூட நனைப்பேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“தெரியும் சார்,” என்றார். “டேப்போட அந்த முனைய நான்தானே பிடிக்கிறேன். இப்பல்லாம் உங்க முனை ஆடிக்கிட்டேதான் இருக்கு. எத்தனை மணிக்கு வரட்டும்?”

பிப்ரவரி 24, திங்கள்

காலை ஆறே முக்கால். எட்டு மணிக்கு டாக்டர் கேட்கும்போது பொய் சொல்லிவிடுவேன். அதனால் இங்கேயே எழுதி, நோட்டைக் கையில் கொடுத்துவிடப்போகிறேன்.

ஐந்தேகாலுக்கு ஒரு கிளாஸ் குடித்தேன். பாதி வெளியே வந்துவிட்டது. சட்டையில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊற்றிக் குடித்தேன். அப்புறம்தான் எழுந்து நிற்க முடிந்தது. தினமும் காலையில் இப்படித்தான், நாலு வருஷமாக. ஆபீஸ் பாத்ரூமில் மதியம் ஒரு தடவை. ராத்திரி ஒரு குவாட்டரும் அதற்கு மேலும். குடிக்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம். வார்டில் இருந்த நாட்களில் டீக்கும் சார்ஜருக்கும் போனதாக எழுதியிருப்பதெல்லாம் கடைக்குப் போனது. வசுமதிக்கு முதல் கிளாஸைக் கொடுத்தவன் நான். கடைசி கிளாஸையும் நான்தான் கொண்டுபோனேன்.

குளித்தேன். சோப்பு தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் வாடை போகவில்லை. அது தோலுக்கு உள்ளேயிருந்து வருகிறது. இத்தனை நாளும் இதோடுதான் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன், மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், கோயிலில் தீபம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறேன். நினைக்கவே குமட்டுகிறது.

முத்துக்கருப்பன் வந்துவிட்டார். ஹாரன் அடிக்கவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு வண்டியோடு வாசலில் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. எனக்காகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் போல. நான் பின்னால்தான் உட்காரவேண்டும். கை இப்படி ஆடினால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.